அந்த மேசையில் பொட்டலம் கூடாது

பர் துபாயில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் பதினோரு வருடங்களாக வேலை பார்க்கிறேன். குழுச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுப்பவர்களின் விசா காகிதங்களைச் சரிபார்ப்பது, ஹோட்டல் பேசுவது, பஸ் பேசுவது, கடைசியில் ஒரு சாப்பாட்டுக் குறிப்பு எழுதித் தருவது, இவ்வளவும் என் வேலை. குழுவோடு விமானம் ஏறிப் போவது மட்டும் என் வேலையில்லை. அதற்கு ஆண்கள் இருக்கிறார்கள். பெட்டியையும் தலையையும் எண்ணத் தெரிந்தால் அவர்களுக்குப் போதும். நான் ஐரோப்பாவை நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்தவள். போதாக்குறைக்குச் சைவம், முட்டைகூடத் தொடமாட்டேன். இப்படிப்பட்டவள் குரோஷியாவில் எதை எப்படிச் சாப்பிடுவது என்று நாலு பக்கம் எழுதினால் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த நாலு பக்கத்தில் ஒரு வரியைக்கூட நான் அழிக்கப்போவதில்லை.

எங்கள் முதலாளிக்குப் பிடித்த குறிப்பு மூன்றே வரி. உள்ளூர் உணவில் மாமிசமும் மதுவும் கலந்திருக்கும். தினமும் இரவு இந்தியச் சாப்பாடு உண்டு. கைக்காவலுக்கு ரெடிமேட் உப்புமா, பொடி, ஊறுகாய் எடுத்து வரவும். எந்த நாடாக இருந்தாலும் இதே மூன்று வரிதான், மேலே நாட்டின் பெயர் மட்டும் மாறும். ஜார்ஜியாவுக்கும் அதுதான், சுவிட்சர்லாந்துக்கும் அதுதான். நானும் பல வருடம் அதையே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். மாதம் முடிந்தால் சம்பளம் வந்தது, பேசாமல் இருந்தேன்.

குரோஷியா ஐரோப்பாவின் பொது விசாவான ஷெங்கனுக்குள் வந்த பிறகு இங்கிருந்து அங்கே போகும் கூட்டம் பெருகியது. ஸ்பிளிட் என்ற கடற்கரை ஊரிலிருந்து படகில் போகிற ஒரு தீவில் ஒரு கொனோபா இருக்கிறது. கொனோபா என்றால் வீட்டோடு ஒட்டிய சின்னச் சாப்பாட்டுக்கடை. அதை நடத்துகிறவளுக்கு என் வயதுதான் இருக்கும். அவளிடம் நான்தான் வாட்ஸ்அப்பில் பேசி, எங்கள் குழுவுக்கு ஒரு ராத்திரிச் சாப்பாடு ஏற்பாடு செய்தேன். பேக்கா என்று அங்கே ஒரு சமையல். அகலமான தட்டில் கறியும் உருளைக்கிழங்கும் காய்களும் பரப்பி, மணி மாதிரி கவிந்த இரும்பு மூடியால் மூடி, மூடியின் தலைமேல் நெருப்புக் கங்குகளை அள்ளிக் குவிப்பார்கள். முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். வந்து உட்கார்ந்த பிறகு கேட்டால் கிடைக்காது. நான் ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்தேன்.

எங்கள் ஆட்கள் போனார்கள், உட்கார்ந்தார்கள். பையைத் திறந்து புளியோதரைப் பொட்டலத்தையும் எலுமிச்சை சாதத்தையும் எடுத்து மேசையில் வைத்தார்கள். தட்டு கேட்டார்கள், வெந்நீர் கேட்டார்கள். பேக்காவை இரண்டு பேர் முகர்ந்து பார்த்தார்களாம். யாரும் கெட்டவர்கள் இல்லை. பேசிய காசைக் குறைக்காமல் கொடுத்து, கைகூப்பி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் படகு ஏறினார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் அதிகமாகச் சுட்டிருக்கிறது.

அன்றைக்கே எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். மூடி திறந்து கிடக்கும் தட்டு, கை படாத உருளைக்கிழங்கு, பக்கத்தில் எங்கள் வெள்ளிக் காகிதப் பொட்டலங்கள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி, நான் என்ன தப்புச் செய்தேன் என்று மட்டும் சொல். மத்தியானத்திலிருந்து நெருப்போடு நின்றவள் கேட்கிற கேள்வி அது. எனக்கு வெட்கமாக இருந்தது. போனில் கூப்பிட்டு, தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது, அவர்களுக்கு நான் எதையும் சொல்லி அனுப்பவில்லை என்றேன். அடுத்த வருடம் வருகிற குழு உன் அடுப்புச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடும் என்று வாக்கும் கொடுத்தேன். அவள் சட்டென்று குளிர்ந்துவிடவில்லை. என் மேசையில் பொட்டலம் கூடாது, சம்மதமென்றால் வாருங்கள், இல்லையென்றால் படகுத்துறையிலேயே ஐஸ்கிரீம் கடை இருக்கிறது என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

பிறகு பல நாள் பேசினோம். கறியில்லாமல் பேக்கா போட முடியுமா என்று கேட்டேன். நோன்பு நாட்களில் எங்கள் வீட்டிலும் கறி கிடையாது, உருளைக்கிழங்கும் கத்தரிக்காயும் கேரட்டும் பூண்டும் வைத்து மூடினால் யார் தடுக்கப் போகிறார்கள் என்றாள். கூடவே பிளித்வா. அது கீரையும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, பூண்டு வதக்கிய ஆலிவ் எண்ணெய் ஊற்றிப் பிசைவது. கீரையை உள்ளே வைத்து மெல்லிசாகச் சுடுகிற சோபார்னிக் என்ற ரொட்டியும் உண்டு. சைவக்காரர்கள் பட்டினி கிடக்க அந்த ஊரில் ஒரு காரணமும் இல்லை. எங்கள் மூன்று வரிக் குறிப்பு ஒரு பொய் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தக் கோபத்தில்தான் நாலு பக்கம் எழுதினேன். முதலில் காபி. அங்கே காபிக்கு உட்காருகிறவர்கள் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள், ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுவார்கள். மேசையைத் துடைத்துக்கொண்டே 'வேற என்ன வேணும்' என்று கேட்டு நம்மைக் கிளப்பிவிட யாரும் வரமாட்டார்கள். பில்லும் கேட்டால்தான் வரும். கவனிக்கவில்லை என்று முறைக்காதீர்கள், உங்களை நிம்மதியாக உட்கார விட்டிருக்கிறார்கள் என்று எழுதினேன். கறுப்பு ரிசோட்டோ என்ற குழைந்த சோற்றைப் பார்த்துக் கவுனி அரிசி என்று சைவக்காரர்கள் ஆசைப்பட வேண்டாம், அது கணவாயின் மை. சைவம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாது. மீனும் வேண்டாம், சூப்பில் எலும்புச் சாறும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மீன் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டுவார்கள், விலை பெரும்பாலும் எடைக்குத்தான், அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ரொட்டிக் கூடை கேட்காமலே வந்து உட்காரும், பில்லில் அதற்கும் ஒரு வரி இருக்கலாம், அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

கடற்கரைப் பக்கத்தில் காலை பத்து பத்தரைக்கு மரெண்டா என்று ஒரு சூடான சாப்பாடு உண்டு. ஏழு மணி இட்லி பத்து மணிக்குள் கரைந்துவிடுகிற நம் ஆட்களுக்காகவே கண்டுபிடித்தது போலத் தோன்றும். தலைநகர் சாக்ரெபில் ஷ்ட்ரூக்ளி, மாவுக்குள் சீஸ் வைத்துச் சுருட்டி மேலே க்ரீம் ஊற்றிச் சுட்டது. குழந்தைகளுக்குப் பிரித்துலே, எண்ணெயில் பொரித்த குட்டிக் குட்டி உருண்டைகள், மேலே சர்க்கரைப் பொடி. மாவில் சில வீடுகளில் கொஞ்சம் சாராயம் விடுவார்கள், கேட்டு வாங்குங்கள்.

குடிப்பதைப் பற்றியும் எழுதினேன். எழுதக்கூடாதா என்ன? வாசலில் நுழைந்ததும் சின்னக் கிளாஸில் ராக்கியா நீட்டுவார்கள். பழத்திலும் மூலிகையிலும் இறக்கிய சரக்கு. குடிக்காதவர்கள் மூக்கைச் சுளிக்க வேண்டாம், நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னால் ஜூஸ் வரும். சிவப்பு ஒயினில் தண்ணீர் கலந்து குடிப்பதும், வெள்ளை ஒயினில் சோடா கலந்து குடிப்பதும் அங்கே வழக்கம், கஞ்சத்தனம் இல்லை. கிளாஸோடு கிளாஸ் முட்டும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். நம் ஆண்கள் யார் கிளாஸில் அதிகம் இருக்கிறது என்று பார்ப்பார்கள், அதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளவும் என்றுகூட எழுதியிருந்தேன். கடைசி வரியில் கொனோபாக்காரியின் சட்டத்தைப் பெரிய எழுத்தில் போட்டேன்.

ஜனவரி மாதம் இந்த வருடக் குழு சேர்ந்தது. அல் குசைஸில் ஒரே கட்டடத்தைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள், மொத்தம் பத்தொன்பது பேர். பள்ளி விடுமுறைக்கு, ஜூலையில் பயணம். முதலாளி என் நாலு பக்கத்தை வாங்கிப் படித்தார். அவர் கோயம்புத்தூர்க்காரர், கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் காட்டுவார். பில் கேட்டால்தான் வரும் என்ற இடத்தில் சிரித்தார். கடைசி வரிக்கு வந்ததும் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டார்.

"அம்மணி, நம்ம சனத்துக்கு நம்ம சோறு வேணும். போன தடவயே அந்த ராத்திரி யாரும் சாப்பிடல. இந்தத் தடவ அத எடுத்துப்போட்டு ஸ்பிளிட்லயே ஒரு இண்டியன் ரெஸ்டாரண்ட்டுக்குக் கூட்டீட்டுப் போயிரலாம்."

நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். வாக்கை அலுவலகம் கொடுக்கவில்லையே என்றார். பதினோரு வருடமாக அலுவலகத்தின் பேரில் நான் கொடுத்த வாக்குகளை வைத்துத்தான் ஹோட்டல்காரர்கள் ரூம் தருகிறார்கள், அப்போதெல்லாம் அது யாருடைய வாக்கு என்று அவர் கேட்டதில்லை. அதையும் சொன்னேன். பேச்சு வளர்ந்தது. கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். பயணத்துக்கு முன் குழுவைக் கூட்டிப் பேசுகிற நாளில் கேட்போம், பத்தொன்பது பேரும் சரி என்றால் கொனோபா இருக்கட்டும், ஒருத்தர் வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுவேன் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அந்த ராத்திரிய எடுத்தீங்கன்னா என் விசாவையும் கேன்சல் பண்ணிடுங்க சார். நான் வேற இடம் பாத்துக்கறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. இந்த ஊரில் விசா முதலாளி கையில். வேலை போனால் வீட்டு வாடகை ஒப்பந்தத்திலிருந்து மகளின் பள்ளிக்கூடம் வரைக்கும் எல்லாம் ஆட்டம் காணும். என் கணவரிடம் சொன்னபோது, ஒரு உருளைக்கிழங்குக்காகவா என்று கேட்டார். உருளைக்கிழங்குக்காகத்தான் என்றேன். வாயை விட்டாகிவிட்டது, அள்ளிக்கொள்ள முடியாது. எனக்கு அள்ளிக்கொள்ளவும் விருப்பமில்லை.

பேசிப் புரியவைக்கிற காரியம் இல்லை இது என்று தீர்மானித்தேன். ஹோட்டல் ஹாலில் ஸ்லைடு போட்டுக் காட்டினால் டீ குடித்துவிட்டுத் தலையாட்டுவார்கள், அங்கே போனதும் பையைத் திறப்பார்கள். பேக்காவை இங்கேயே போட்டு வாயில் வைத்துவிட வேண்டும். மூடிக்கு எங்கே போவது? அபுதாபி முசஃபாவில் ஒரு பட்டறையில் என் கணவருக்குத் தெரிந்த வெல்டர் இருந்தார், ராமநாதபுரத்துக்காரர். சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனோம். கொனோபாக்காரி அனுப்பிய போட்டோவைக் காட்டினேன். துத்தநாகம் பூசிய கேல்வனைஸ் தகடு வேண்டாம், சூட்டில் கெட்ட புகை விடும் என்று அவரே சொன்னார். கனமான இரும்புத் தகட்டைத் தட்டி வளைத்து, கங்கு சரியாமலிருக்க விளிம்பில் மூன்று விரல் உயரத்துக்கு ஒரு வளையமும், உச்சியில் ஒரு கைப்பிடியும் வைத்து, இரண்டு மூடி செய்து தந்தார். ஒன்று கறிக்கு, ஒன்று எனக்கு. பிறகு தகட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இது தம் போடறதுதானக்கா? பிரியாணிச் சட்டி மூடி மேல கங்கு போடறோம்ல, அதேதான். இதத் திங்க அம்புட்டுத் தூரம் போகணுமா?"

போகிறவர்களுக்கு அது தெரியவில்லை, நீங்களே வந்து சொல்லுங்கள் என்றேன். கறி மூடியை நான் தொடமாட்டேன் என்பதால் எனக்கு ஆளும் தேவைப்பட்டது. அவர் லீவு போட்டுவிட்டு வந்தார்.

குழுவைக் கூட்டியது கடற்கரைப் பூங்காவில், பார்பெக்யூ போட அனுமதித்த இடத்தில். ஜனவரிக் குளிரில் துபாய், மனிதர்கள் வெளியே உட்காரக்கூடிய ஊராக இருக்கும். மத்தியானமே போய்க் கரி மூட்டினோம். அரபிக் கடையில் பசலையைவிடத் தடித்த தண்டோடு ஒரு கீரை கிடைக்கும், பிளித்வாவுக்கு அதை வாங்கியிருந்தேன். பாதி வேக்காட்டில் மூடியைத் தூக்கி ஒயின் தெளிக்க வேண்டும் என்று கொனோபாக்காரி சொல்லியிருந்தாள். பூங்காவில் ஒயின் ஏது, வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து தெளித்தேன். அந்தத் துரோகத்தை அவளிடம் அப்புறம் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

நாலரைக்கு வரச்சொன்ன குழு ஐந்தேகாலுக்கு வந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு டப்பா. தயிர்சாதம், எலுமிச்சை சாதம், சப்பாத்தி, ஊறுகாய் பாட்டில். சாப்பாடு நான் போடுகிறேன் என்று மூன்று முறை மெசேஜ் அனுப்பியிருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்தார்களாம். பொட்டலம் கட்டாதீர்கள் என்று சொல்வதற்காகக் கூட்டிய கூட்டத்துக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டப்பாக்களை வாங்கி ஒரு பாயில் வரிசையாக வைத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் திறக்கக்கூடாது என்றேன். முதலாளி ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றிலும் பெரிய டப்பா குழுவின் தலைவர் வீட்டு டப்பா. அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பெரிய மேனேஜர், மதுரைக்காரர். அந்த அல் குசைஸ் கட்டடத்துக் குடும்பங்கள் எங்கே போவது, எப்போது போவது என்பதை அவர்தான் முடிவு செய்வார். அவர் மனைவியை எல்லோரும் அக்கா என்பார்கள். எந்த ஊருக்குப் போனாலும் அக்கா கையால் கட்டிய புளியோதரைதான் பயணத்தின் சிறப்பு என்று அவர் பெருமையாகச் சொன்னார். அந்த அம்மாவோ, வந்ததிலிருந்து என் பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காருங்கள் என்று இரண்டு தரம் சொன்னேன், உட்காரவில்லை.

கங்குகளைத் தள்ளிவிட்டு வெல்டர் முதல் மூடியைத் தூக்கினார். பூண்டும் ரோஸ்மேரியும் எண்ணெயும் ஒன்றாகக் கிளம்பிய அந்த வாசனையை நான் விவரிக்கப்போவதில்லை. பத்தொன்பது பேரும் கிட்டே நெருங்கி வந்தார்கள். அடே, தம் பிரியாணிக் கணக்கு என்று யாரோ சொன்னார்கள். மாதுளை ஜூஸ் ஊற்றி, கண்ணைப் பார்த்து கிளாஸை முட்டச் சொன்னேன். இருபது வருடம் குடும்பம் நடத்தியவர்கள் பெண்டாட்டியின் கண்ணைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு சாப்பிட்டார்கள். அடிப்பிடித்த உருளைக்கிழங்குக்குப் போட்டி வந்தது. தலைவர் மூன்று தட்டு சாப்பிட்டார், நான் எண்ணினேன். அன்றைக்கு அதைத்தான் எண்ண வேண்டியிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் முதலாளி எழுந்து நிபந்தனையைச் சொன்னார். அந்தத் தீவில் இதே மாதிரிச் சாப்பாடு, அந்த இடத்தில் கைச்சாப்பாடு கூடாது, எல்லோருக்கும் சம்மதமா, ஒருத்தர் வேண்டாம் என்றாலும் மாற்றிவிடலாம் என்றார். தலைகள் ஆடின. எனக்கு மூச்சு வந்தது. அப்போது தலைவர் கையைத் தூக்கினார்.

"நல்லாத்தேன் இருக்கு, குறை சொல்லல. ஆனா மேடம், வெளியூர்ல நம்ம சாப்பாடு நம்ம கையில இருக்கணும். அது இல்லாம எனக்குச் சரிப்படாது. அத எடுத்துருங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். ஜெயித்தவரின் பார்வை இல்லை அது, வருத்தமாகத்தான் பார்த்தார், அதுவே எனக்கு இன்னும் எரிந்தது. காபி, மீன், ரொட்டிக் கூடை எல்லாவற்றையும் எழுதியவள் நான். சாப்பாடு கையில் இருக்க வேண்டும் என்கிறாரே, அது யார் கை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் வாதாடியதெல்லாம் ஆண்களோடுதான். கேட்க வேண்டிய ஆள் என் பக்கத்திலேயே ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தார்.

அந்த அம்மா துணியை மடித்து வைத்தார். சத்தம் போடவில்லை. புருஷனைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"ஏங்க, ஜார்ஜியால என்ன பாத்தேன்னு யாராச்சும் கேட்டா, எனக்கு ஹோட்டல் பாத்ரூம் டைல்ஸ்தான் ஞாபகம் வருது. அங்கதான பிளக் இருந்துச்சு, அங்கதான கரண்ட் அடுப்ப மாட்டிக் குக்கர் வச்சேன். எல்லாரும் மலையப் பாக்கப் போனீங்க, நான் விசில எண்ணிக்கிட்டிருந்தேன்."

தலைவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அப்படியானால் நான் பட்டினி கிடக்கவா என்று கேட்டார்.

"அவுங்க போடறத உக்காந்து சாப்பிடுங்க. இப்ப மூணு தட்டு சாப்பிடலையா? நான் இந்தத் தடவ ஒரு டப்பாகூடக் கட்டமாட்டேன். குக்கரும் எடுக்கமாட்டேன். எனக்கும் ஒரு நா யாராச்சும் நெருப்பு மூட்டிச் சமைச்சுப் போடட்டும்."

மூன்று தட்டை அவரும் எண்ணியிருக்கிறார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. பிறகு இன்னொரு பெண், நானும் கட்டவில்லை என்றாள். அப்புறம் இன்னொருத்தி. பாயில் வரிசையாக இருந்த டப்பாக்களைக் கட்டியவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் வந்துவிட்டார்கள், திறந்து சாப்பிடுகிறவர்கள் மறு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி தொண்டையைச் செருமி, இருந்தாலும் சார் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே என்று ஆரம்பித்தார். இப்போது எனக்குப் பேச்சு வந்தது.

"சார் வேணும்னு சொல்றது கைச்சாப்பாட்டை. அதைக் கட்ட இனிமே ஆள் இல்லை. இல்லாத சாப்பாட்டுக்காக இருக்கற சாப்பாட்டை எப்படி சார் எடுப்பீங்க?"

முதலாளி தலைவரைப் பார்த்தார். தலைவர் மனைவியைப் பார்த்தார். அன்று இரண்டாவது முறையாகக் கண்ணைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கடைசியில், சரி, இருக்கட்டும், அந்த ஒரு ராத்திரிதானே என்றார். ஒரு ராத்திரியோ பத்து ராத்திரியோ, நான் கட்டப்போவதில்லை என்று அந்த அம்மா திருத்தினார். டப்பாக்களை யாரும் திறக்கவில்லை. வெல்டர் முசஃபா ரூமுக்கு எடுத்துப் போகிறேன், எட்டுப் பேர் இருக்கிறோம் என்றார், எல்லாவற்றையும் அவர் வண்டியில் ஏற்றினோம்.

மறுநாள் என் குறிப்பை மறுபடி எடுத்தேன். அழிக்கவில்லை, முதல் பக்கத்தின் உச்சியில் ஒரு வரி சேர்த்தேன். இந்தப் பயணத்தில் யாரும் யாருக்கும் சாப்பாடு கட்ட வேண்டாம், கட்டச் சொல்லவும் வேண்டாம். முதலாளி படித்துவிட்டு, இது சாப்பாட்டுக் குறிப்பு மாதிரி இல்லையே அம்மணி என்றார். இதுதான் சார் சாப்பாட்டுக் குறிப்பு என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். என் விசாவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்து ஜார்ஜியாவுக்கும் புதிதாக எழுதுவேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

ஜூலையில் குழு போனது. வழக்கம்போல நான் பர் துபாயில் ஏசிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன், வெளியே ரோடு கொதித்தது. வேலை முடித்துக் கிளம்புகிற நேரத்தில் கொனோபாக்காரியிடமிருந்து போட்டோ வந்தது. பயத்தோடுதான் திறந்தேன். நீள மேசை, திறந்த மூடி, காலியாகிக்கொண்டிருக்கும் தட்டு. வெள்ளிக் காகிதம் எங்காவது தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன், இல்லை. மேசையின் ஓரத்தில் தலைவர் உருளைக்கிழங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நடுவில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். முன்னால் நிறைந்த தட்டு. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார்.

கொனோபாக்காரி கீழே எழுதியிருந்தாள். இந்தப் பெண் மூன்று தடவை எழுந்து சமையலறைக்குப் பாத்திரம் கழுவ வந்துவிட்டாள், மூன்று தடவையும் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன், யார் இவள், உங்கள் சமையல்காரியா என்று கேட்டிருந்தாள்.

விருந்தாளி என்று பதில் எழுதினேன்.